சிங்கப்பூர் – நியூயார்க் 15,350 கி.மீ. என்றால் 17 மணி நேரம்தானே வர வேண்டும்?

கேள்வி:
அம்மா முதல் தடவையாகத் தனியாக சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு நேரடி விமானத்தில் போகிறார். தூரம் சுமார் 15,350 கி.மீ. என்று போட்டிருக்கிறது. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம். டிக்கெட்டிலோ பதினெட்டரைக்கும் மேல். தூரம் காட்டும் தளம் வடதுருவம் வழியாகக் கோடு போடுகிறது. செயலியில் பார்த்தால் நேற்றைய விமானம் ஜப்பான் பக்கமாகப் போனது. எதை நம்புவது?

பதில் 1:
ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கி வாயிலுக்கு வருவது எல்லாம் டிக்கெட் நேரத்தில் சேர்த்திதான். அதிலேயே அரை மணி போய்விடும்.

பதில் 2:
விமானப் பாதை திட்டமிடும் மேசையில் பல வருஷம் குப்பை கொட்டியவன் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

அந்த 15,350 சரியான எண்தான். சிங்கப்பூர் கிழக்கு 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கு 74-இல். கூட்டினால் 178. அதாவது உருண்டையின் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கங்கள். அதனால் ஆகக் குறுகிய கோடு துருவத்தை உரசிக்கொண்டு போகிறது. ஆனால் அந்தக் கோட்டில் பறந்தாக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை.

நீங்கள் வகுத்த 900 காற்றை ஒப்பிட்ட வேகம். தரையை ஒப்பிட்டால் காற்று கூட்டும், குறைக்கும். பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைச் சாதாரணமாகத் தாண்டும். ஜப்பானை ஒட்டி வட பசிபிக்கில் ஏறினால் அது பின்னாலிருந்து தள்ளும். பறக்கும் தூரம் பதினாறாயிரத்தைத் தாண்டினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம்.

வேடிக்கை என்னவென்றால், திரும்பி வரும்போதும் கிழக்கே பறக்கலாம்! அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா வழியாக. எதிரெதிர் ஊர்களுக்கு மட்டும் வாய்க்கும் சலுகை இது. எந்தப் பக்கம் என்பதை அன்றன்றைய காற்றுதான் முடிவு செய்யும்.

வான்வெளி மூடினால் கணக்கே மாறிவிடும். 2022-இல் ரஷ்யா மேலே பறக்க முடியாமல் போனதும், பின்லாந்துத் தலைநகர் ஹெல்சின்கி – டோக்கியோ ஒன்பதரை மணியிலிருந்து சுமார் 13 மணி நேரமானது. ஊர்கள் நகரவில்லையே!

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். அம்மா நள்ளிரவு ஏறி அதே தேதி காலை ஆறு மணிக்கு இறங்குகிறார் என்று காட்டுகிறதே? மாத்திரை வேளை குழம்புகிறது.

பதில் 2:
இரண்டும் உள்ளூர் நேரம். கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 13. கடிகாரம் காட்டும் ஆறோடு அதைக் கூட்டுங்கள்: 18 அல்லது 19. அம்மாவின் கைக்கடிகாரத்தை இறங்கும்வரை சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். மாத்திரைக்கு எந்த வேளை என்பதை மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

பதில் 3:
இதே சிங்கப்பூரிலிருந்து நியூவார்க்குக்கு (நியூயார்க்குக்குப் பக்கத்திலுள்ள இன்னொரு விமான நிலையம்) 2004-லேயே ஏர்பஸ் ஏ340-500 விமானம் ஓடியது. எரிபொருள் செலவு தாங்காமல் 2013-இல் நிறுத்தி, 2018-இல் மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த ஏ350-900 யு.எல்.ஆர். வந்த பிறகுதான் திரும்பத் தொடங்கினார்கள். அதன் எரிபொருள் தொட்டி 1,65,000 லிட்டர்! அம்மாவுக்கு நடைபாதை ஓர இருக்கையாகப் பார்த்துப் போடுங்கள், எழுந்து நடக்க வசதி.