நோபிலிக்குத் துணை நின்ற கொடுங்கல்லூர்ப் பேராயர்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

போன வாரம் தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலியைப் பற்றி, அதாவது இத்தாலியிலிருந்து மதுரைக்கு வந்து மறைபரப்பிய அந்த இயேசு சபைக் குருவைப் பற்றி, நல்ல பேச்சு நடந்தது. குடுமி, பூணூல், சந்தனம் என்று மதுரையில் அவர் வாழ்ந்ததற்கு மேலிடத்தில் யார் சம்மதம் கொடுத்தது என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். கொடுத்தவர் பிரான்சிஸ் ரோஸ், அவரும் இயேசு சபைக்காரர், கேரளத்தின் கொடுங்கல்லூர்ப் பேராயர். மதுரை மிஷன், அதாவது மதுரைப் பக்கத்து மறைபரப்புப் பணி, அப்போது அவர் ஆளுகையில் இருந்தது. நம் பக்கத்தில் அவர் பெயரை யாரும் எடுப்பதில்லை என்பது எனக்கு வெகுநாள் வருத்தம்.

ரோஸ் ஸ்பெயினில் கத்தலோனியாவின் ஜெரோனா ஊர்க்காரர். 1580களில் கேரளம் வந்து, சேந்தமங்கலம் பக்கம் வைப்பிக்கோட்டைக் குருமடத்தில் சுரியானி சொல்லிக் கொடுத்தார். அப்போஸ்தலர் தோமா வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் கேரளத்துப் பழைய கிறிஸ்தவர்களான தோமா கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழி அது. வளைகுடாவில் மலையாளிகளோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்கு அந்த மொழியின் வாசனை தெரியும். நாம் பூசை என்பதை அவர்கள் குர்பானா என்பார்கள். ஞானஸ்நானத்தை மாமோதீசா என்பார்கள், சேசுவை ஈசோ என்பார்கள். எல்லாம் சுரியானி வழி வந்த சொற்கள். அப்புறம் மலையாளத்தையும் நன்றாகவே கற்றார் ரோஸ். 1606இல் தம் மறைமாவட்டச் சட்டங்களை மலையாளத்திலேயே கொடுத்தார்.

ஆனால் ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. அதே சுரியானிப் புலமையைக் கொண்டுதான் அவர் அங்கிருந்த நூல்களில் நெஸ்தோரியப் பிழை (கிறிஸ்துவின் இறைத்தன்மையையும் மனிதத்தன்மையையும் பிரித்துப் பேசுவதாக ரோம் தள்ளிய கொள்கை) என்று தமக்குப் பட்டதையெல்லாம் தேடி எழுதினார். 1599இல் கோவா பேராயர் மெனேசிஸ் கொச்சிக்குப் பக்கம் உதயம்பேரூரில் கூட்டிய திருச்சபைச் சங்கத்தில் பல சுரியானி நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் முடிவானது. மெனேசிசுக்குப் பக்கபலமாக இருந்தவர்களில் ரோஸும் ஒருவர். தலைமுறை தலைமுறையாகக் கையால் எழுதிக் காத்த பிரதிகள்! அந்த மொழியை அவ்வளவு ஆசையாகப் படித்த மனிதர் இதற்கு எப்படி உடன்பட்டார்? இன்றும் என் மனம் ஆறவில்லை.

1601இல் அவரே அங்கமாலிக்கு ஆயரானார். தங்கள் மொழி தெரிந்தவர் என்பதால் கத்தனார்கள், அதாவது தோமா கிறிஸ்தவர்களின் குருக்கள், அவரை ஏற்றுக்கொண்டார்கள். கோவாவுக்குக் கீழே இறக்கப்பட்டிருந்த அந்த மறைமாவட்டத்துக்குப் பேராயர் நிலை 1608இல் திரும்பக் கிடைத்தது. பிறகு தலைமையிடம் கொடுங்கல்லூருக்கு மாறியது.

நோபிலி மதுரைக்கு வந்தது 1606இல். தமிழும் சமஸ்கிருதமும் கற்று, இந்த ஊர் வழக்கப்படி வாழ்ந்தார். உடன் இருந்த பறங்கியருக்கே அது பிடிக்கவில்லை, புகார் மேல் புகார். ரோஸ் விசாரித்து அனுமதி தந்தார். 1619இல் கோவாவில் கூடிய சபையில் அங்குள்ள பேராயரே எதிராக நின்றபோதும் ரோஸ் நோபிலியை விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கு ரோமுக்குப் போனது. 1623 ஜனவரியில் பாப்பு 15ஆம் கிரகோரியின் ஆணை நோபிலிக்குச் சாதகமாக வந்தது. மறு வருடம் பிப்ரவரியில் ரோஸ் பரவூரில் கண்மூடினார்.

நான் கொச்சியில் வேலை பார்த்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சேந்தமங்கலம் போனேன். கோட்டையில் கோவிலகம் என்ற இடத்தில் அந்தக் குருமடத்தின் இடிந்த சுவர் பாசி பிடித்து நிற்கிறது. ஈரத்தில் கை வைத்தால் பச்சை ஒட்டிக்கொள்கிறது. நெடும்பாசேரியில் இறங்கி ஊருக்கு வருகிறவர்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். விமான நிலையத்திலிருந்து பக்கம்தான்.