புதுப்பிப்பு: 5எல் கூட்டுக்குள் எந்தப் பற்றரி?

முதலில் கேட்டது இதுதான்: வை.ரி.எக்ஸ். 5எல் என்ற பற்றரி இருந்த மோட்டார் சைக்கிள் பற்றரிக் கூட்டை வெட்டாமல், அதைவிடப் பலமான பற்றரி போடலாமா? போடலாம். வை.ரி.இசட். 7எஸ் வாங்குங்கள்.

5எல்லின் அளவு 114 × 71 × 106 மி.மீ., மின்கொள்ளளவு 4 ஆம்பியர்-மணி. 7எஸ் 113 × 70 × 105தான், ஆனால் 6 ஆம்பியர்-மணி. விலை கூடத்தான், அதை மறைக்கத் தேவையில்லை. சிலர் சொன்ன வை.ரி.எக்ஸ். 7எல் நீள அகலத்தில் சரி, உயரம் 131. சீட்டை அமத்திப் பூட்டினால் பொசிட்டிவ் முனை சீட்டடி இரும்பில் தட்டி ஷோர்ட் ஆகும்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது வோல்ட், ஆம்பியர் அளக்கும் மீற்றரும் கையோடு போகட்டும். புதுப் பற்றரி 12.8 வோல்ட்டுக்குக் கிட்டக் காட்ட வேண்டும். 12.4க்குக் கீழே என்றால் கடைத் தட்டில் நெடுநாள் கிடந்தது, வேறொன்று கேளுங்கள். முனைகள் உங்கள் பக்கம் இருக்க, பொசிட்டிவ் வலப்பக்கம் வரவேண்டும்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது அது கடைசியில். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, முறுக்கிப் பிடித்துப் பற்றரி முனைகளில் அளந்து பாருங்கள்: 14 முதல் 14.7 வோல்ட் வரை நல்லது. 15ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது, எந்தப் பற்றரி போட்டாலும் வெந்துபோகும்.

அலாரம் பூட்டியவர்கள் நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் இடையில் மீற்றரை வைத்து, பைக் நிற்கும்போது ஒழுகும் மின்னோட்டத்தைப் பாருங்கள். 20 மில்லி ஆம்பியர் ஒழுகினாலே நாளுக்கு 0.48 ஆம்பியர்-மணி, ஓடாமல் நிற்கும் பைக்கில் 7எஸ் இரண்டு கிழமைகூடத் தாங்காது.