வடக்கு ஜன்னலுக்கு வெயில் வரும் மாதங்கள்: சக்குலண்ட் வளர்ப்பவர்களின் அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து:

நம் ராமநாதபுரம் கடற்கரையில் சக்குலண்ட், அதாவது சதைப்பற்றுச் செடி, வளர்ப்பவர்களை அதிகம் குழப்புவது திசைதான். வீடியோவைத் திறந்தால் 'தெற்கு ஜன்னலில் வையுங்கள்' என்கிறார்கள். லண்டனில் இருப்பவருக்கு அது சரி. அங்கே வருஷம் பூராவும் நண்பகல் சூரியன் தெற்கில்தான் இருக்கும். நமக்கு அப்படி இல்லை. நாம் இருப்பது 9 டிகிரி சொச்சம் அட்சரேகையில். சித்திரை பிறப்பை ஒட்டி மதியம் பன்னிரண்டேகால் வாக்கில் வெயில் நேர் உச்சியில் நிற்கும், கொடிக்கம்பத்துக்குக்கூட நிழல் விழாது. அதற்கப்புறம் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் கடைசியில், அதாவது ஆவணி பாதியில், மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே திரும்பும்.

இந்த நாலரை மாதமும் தெற்கு ஜன்னலுக்கு நேர் வெயில் கிடையாது. வெயில் எல்லாம் வடக்குப் பக்கம்தான். எங்கள் வீட்டு வடக்குத் திண்ணை மார்கழியில் நாள் முழுக்க நிழலாகவே கிடக்கும். ஆனியில் அதே திண்ணைக்குக் காலையில் வடகிழக்கிலிருந்தும் சாயங்காலம் வடமேற்கிலிருந்தும் வெயில் சாய்ந்து வரும். அந்தக் காலை வெயில் எச்சவேரியா என்ற சக்குலண்டுக்கு அமிர்தம். சாயங்கால வெயில் அப்படி இல்லை. அதற்குள் சுவரும் தரையும் காற்றும் காய்ந்து கொதித்துக் கிடக்கும், இலை தாங்காது. அதனால் திண்ணையின் மேற்கு ஓரத்தில் ஒரு ஓலைத் தட்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

போன ஆடியில் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டு, "தம்பி, இந்தச் செடி ஏன் கழுத்தை நீட்டிக்கிட்டே போகுது?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். தெற்கு ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரு எச்சவேரியா. ரோஜாப்பூ மாதிரி அடுக்காக இருக்க வேண்டிய இலைகள் விரலகலம் விரலகலமாகத் தள்ளித் தள்ளி நின்றன. கீழ் இலைகள் தொங்கிப்போய், நிறமும் வெளுத்து, முழுச் செடியும் கண்ணாடியைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. கண்ணாடியை விரலால் தேய்த்தேன், கோடு விழுந்தது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் கடல் உப்பு படிந்து படிந்து கண்ணாடியே மங்கிப்போகும். வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது தடுத்துவிடுகிறது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, செடியைக் கிழக்கு வராண்டாவுக்கு மாற்றச் சொன்னேன். "தண்ணி பத்தலையோன்னு தினமும் ஊத்தினேனே" என்றார் அக்கா. வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி குடிப்பதும் குறைவு, ஊற்றிய தண்ணீர் மண்ணிலேயே நின்று வேரை அழுக வைத்துவிடும். அதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டில் எந்தப் பக்கம், எந்த மாதம், எப்படி என்று எழுதுங்கள். நம் ஊர் அனுபவம் நம்மிடம்தான் கிடைக்கும்.

கீழக்கரையிலிருந்து:

எங்களுடையது பழைய வீடு, நடுவில் முற்றம். வெயில் முற்றத்தின் ஒரு சுவரிலிருந்து இறங்கி, தரையைக் கடந்து, எதிர்ச் சுவரில் ஏறிப் போய்விடும். நடுவில் இருக்கும் தொட்டிக்கு மூன்று மணி நேரம் போல வெயில். தாழ்வாரத்து ஓரத்தில் வைத்தால் நேர் வெயில் படாது, ஆனால் நல்ல வெளிச்சம் இருக்கும். ஹவொர்தியா என்ற குட்டிச் சக்குலண்டுக்கு அந்த ஓரத்தைவிட நல்ல இடம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் அது புதர்களின் அடியில் ஒண்டி வளர்கிற செடி. என்னிடம் இருக்கும் ஒரு வகையில் இலை நுனி கண்ணாடி போல இருக்கும். வெயில் நேரத்தில் குனிந்து பார்த்தால் உள்ளே ஓடும் பச்சைக் கோடுகள் வரை தெரியும். அதன் சொந்த ஊரில் உடம்பு மண்ணுக்குள் புதைந்திருக்க, அந்த நுனி வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே இறங்குமாம். இதைக் கொண்டுபோய் மொட்டை மாடியில் வைப்பது பாவம்.

உம்மாவுடைய சோற்றுக்கற்றாழை மாடியில்தான் இருக்கிறது. பங்குனியில் அது செம்பழுப்பாக மாறியதும் கருகிவிட்டது என்று பிடுங்கப் போனார்கள். நான் விடவில்லை. வெயில் அதிகமானால் கற்றாழை இப்படி நிறம் மாறும், நிழலுக்குக் கொண்டுவந்தால் மெதுவாகப் பச்சை திரும்பும். கருகல் வேறு. அது வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளிறி, பிறகு பழுப்புத் தழும்பாகக் காய்ந்து நிற்கும். அந்தத் தழும்பு ஆறாது, அந்த இலை உதிரும்வரை இருக்கும். இலை முழுக்க ஒரே சீராக நிறம் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம்.

தங்கச்சிமடத்திலிருந்து:

வெளியில் வளர்ப்பவன் நான். அடினியம், திருகுகள்ளி, பத்துமணிப்பூ மூன்றும் திறந்த வெயிலில்தான். அடினியத்தை நிழலில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று கேட்கிறவர்கள் நிறைய. அரேபியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் வெட்டவெளியில் நிற்கிற செடி அது. வெயிலைக் கொடுங்கள், பூக்கும்.

ஆனால் ஒன்று. வெயில் செடி என்பதற்காக வாங்கி வந்த அன்றே வெயிலில் வைக்கக் கூடாது. வெளியூர் நர்சரி ஒன்றில் வாங்கிய எச்சவேரியாக்களை, "ஃபுல் சன் செடிதான் அண்ணே, தைரியமா வைங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். என் மச்சினன் அப்படியே வைத்தான். இரண்டு நாளில் எல்லாம் வெந்துவிட்டன. அவை அதுவரை வளர்ந்தது நிழல்வலைக்குக் கீழே. இலைக்குப் பழக்கம் வேண்டாமா? நான் புதுச் செடியை முதல் வாரம் கிடுகுப் பந்தலுக்குக் கீழே வைப்பேன். அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், ஒன்பது மணிவரை. பிறகு நேரத்தைக் கூட்டுவேன். பங்குனி முதல் ஆவணி வரை எச்சவேரியாவுக்கு 50 சதவீத நிழல்வலை கண்டிப்பாக வேண்டும். அது மெக்சிகோ மலைச் செடி, குளிர்ந்த இரவுக்குப் பழகியது. நம் ஊர் இரவுப் புழுக்கமே அதற்குத் தண்டனை.

கடற்கரை மணலும் வெள்ளையடித்த மதிலும் வெயிலைத் திருப்பி அடிப்பதையும் கணக்கில் எடுங்கள். மேலே வலை இருந்தும் கீழ் இலை கருகினால் அதுதான் காரணம். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வேரையே வேகவைக்கும். மண் தொட்டிக்கு மாறிவிடுங்கள்.

உப்பளத்து ஓரத்தில் உமரி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சதைப்பற்றுச் செடிதான், உப்பிலும் கொதிக்கிற வெயிலிலும் செழிப்பாக நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கடையில் வாங்குகிற செடியும் தாங்கும் என்று நினைக்காதீர்கள்.

ராமநாதபுரம் டவுனிலிருந்து:

மாடி வீடு, ஒரே ஜன்னல், எதிரே அடுத்த வீட்டுச் சுவர். நம் கண்ணுக்கு அறை வெளிச்சமாகத்தான் தெரிகிறது, அதை நம்பக் கூடாது. போனில் லக்ஸ், அதாவது வெளிச்ச அளவு, அளக்கிற செயலி போட்டுப் பார்த்தேன். உச்சி வெயிலில் வெளியே ஒரு லட்சத்தை ஒட்டிக் காட்டுகிறது, ஜன்னலிலிருந்து ஆறடி உள்ளே வந்தால் சில நூறு. செயலி வேண்டாம் என்றால் மதியம் செடிக்கு மேல் கையை நீட்டிப் பாருங்கள். நிழல் விளிம்பு கூர்மையாக இருந்தால் நேர் வெயில். மங்கலாக விழுந்தால் ஹவொர்தியா, மருள் (ஸ்நேக் பிளான்ட்) போன்றவற்றுக்குப் போதும். நிழலே விழவில்லை என்றால் அங்கே எந்தச் செடியும் வேண்டாம்.

நான் சாதாரண 20 வாட் எல்இடி டியூப்பைத் தட்டின் அடியில் மாட்டி, செடித் தலைக்கு முக்கால் அடி மேலே வைத்திருக்கிறேன். டைமர் போட்டு தினம் 12 மணி நேரம். விளக்கை உத்தரத்தில் மாட்டிப் பயனில்லை, தூரம் கூடக் கூட வெளிச்சம் மளமளவென்று குறைந்துவிடும். ஹவொர்தியாவுக்கு ஒரு டியூப் போதும், எச்சவேரியாவுக்கு இரண்டு வேண்டியிருக்கிறது. ஜன்னலோரத்துச் செடிகளை மட்டும் வாரம் ஒருமுறை கால் வட்டம் திருப்பி வைக்கிறேன்.

மண்டப அண்ணே, அந்த அக்காவின் செடி என்ன ஆச்சு?

மண்டபத்திலிருந்து:

நீண்ட தண்டு மறுபடி குட்டையாகாது தம்பி. அதனால் தலையை ஒரு அங்குலத் தண்டோடு நறுக்கி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றினோம். வேர் பிடித்துவிட்டது. அடித்தண்டை எறியாதீர்கள், பக்கத்தில் குட்டிகள் கிளம்பும். இப்போது கிழக்கு வராண்டாவில் இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்ததும் சாரல் படாத தெற்கு ஜன்னலுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன், அந்த மாதங்களில் வெயில் அங்கேதான் வரும். மேகம் மூடிய நாட்களில் மட்டும் தண்ணீரே வேண்டாம்.