சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: தூரமும் நேரமும்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்த்துவிட்டே வருகிறார்கள். சாங்கிக்கும் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டால் 17 மணி நேரம் என்று விடை கிடைக்கும். ஆனால் அந்தக் கோடு வட துருவத்தை நெருங்கிச் செல்வது. நான் சென்றபோது இருக்கைத் திரையில் தெரிந்த பாதையோ ஜப்பானை ஒட்டிப் பசிபிக்கைக் கடந்து வட அமெரிக்காவுக்குள் நுழைந்தது. திரும்பும்போது அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் தாண்டி வந்தோம். இரண்டு முறையும் கிழக்கு நோக்கியே பறந்து, உலகை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறோம்!

காரணம் காற்று. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் விரைவோட்டக் காற்று குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு என்பதால், அதை முதுகில் வாங்கிக்கொண்டு சுற்றிப் போவது, எதிர்த்துக்கொண்டு நேராகப் போவதைவிட விரைவாகவும் எரிபொருள் குறைவாகவும் முடிந்துவிடுகிறது. 2018 அக்டோபரில் நியூயார்க்கை ஒட்டியுள்ள நூவர்க் விமான நிலையத்துக்கு நேரடிச் சேவையை மீண்டும் தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அறிவித்த பயணத் தூரமே சுமார் 16,700 கிலோமீட்டர். நேரம் அதிகபட்சம் 18 மணி 45 நிமிடம். முதல் விமானம் 18 மணி நேரத்துக்குள்ளாகவே போய்ச் சேர்ந்தது.

*

மேலே எழுதிய நண்பர் சொன்ன நேரக் கணக்கோடு கடிகாரக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோடைக்காலத்தில் இரு நகரங்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம் என்பதால், முள் கடிகாரம் கட்டுபவர்கள் அதைத் தொடவே வேண்டியதில்லை (உடம்புக்கு அந்த வசதி கிடையாது). நள்ளிரவுக்குச் சற்று முன் சாங்கியில் ஏறியவர் விடியற்காலையில் அங்கே இறங்குவார். மாறாக, கென்னடியிலிருந்து இரவில் புறப்படும் விமானத்தில் திரும்பினால் இடையில் ஒரு தேதி முழுவதுமாகக் காணாமல் போகும். திங்கள் இரவு ஏறினால் புதன் அதிகாலையில்தான் சிங்கப்பூர்.

இந்தத் தடத்தில் பறக்கும் ஏ350-900யுஎல்ஆர் (மிக நீண்ட தூரப் பயணத்துக்கென்றே அமைத்த ஏர்பஸ் வகை) விமானத்தில் 161 இருக்கைகள் மட்டுமே. சாதாரண எகானமி வகுப்பே இல்லை. 1,65,000 லிட்டர் வரை எரிபொருளைச் சுமந்து செல்ல வேண்டியிருப்பதால் ஆட்களைக் குறைத்திருக்கிறார்கள். கட்டணம் கட்டுப்படியாகாத ஆண்டுகளில் நான் ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் சென்றிருக்கிறேன். மொத்தத்தில் ஏறத்தாழ ஒரு நாள் ஆகிவிடும் என்றாலும், நடுவில் இறங்கிக் கால் நீட்டி நடக்க முடிவதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதையே நான் சொல்வேன். நேரடி விமானத்தில் போகிறவர்கள் விடுதி அறையை முந்தைய இரவிலிருந்தே பதிவு செய்துகொள்வது நல்லது. காலை ஆறு மணிக்கு இறங்குபவருக்குப் பெரும்பாலான விடுதிகள் மாலை மூன்று மணிக்குத்தான் சாவியைத் தருகின்றன.