பொது நிர்வாக முதுகலை: 71,000 சம்பளம், 74,000 கடன். சேருவது லாபமா?

வரப்போரம்:
அமெரிக்காவில் பொது நிர்வாக முதுகலை. (சுருக்கினால் தமிழில் எம்.பி.ஏ. என்றுதான் வரும். நான் கேட்பது பிசினஸ் படிப்பு இல்லை.) குடியுரிமை உண்டு. இரண்டு இடத்தில் அட்மிஷன் கிடைத்திருக்கிறது. ஒன்று தனியார் பல்கலை: இரண்டு வருடம் முழுநேரம், 74,000 டாலர் கடன். இன்னொன்று மாநிலப் பல்கலை: வேலை பார்த்துக்கொண்டே மூன்று வருடம், 20,000 கடன். காலேஜ் ஸ்கோர்கார்டில் (அமெரிக்கக் கல்வித் துறையின் ஒப்பீட்டுத் தளம்) மீடியன், அதாவது நடுவிலுள்ளவரின் சம்பளம் முதலாவதற்கு 71,000, இரண்டாவதற்கு 64,000. வருடத்துக்கு 7,000 கூடுதல் என்றால் பத்து வருடத்தில் 70,000. அப்படியானால் முதலாவதுதானே லாபம்?

கணக்குப்பிள்ளை:
நஷ்டம். அந்த 7,000 வரிக்கு முந்தைய தொகை. தவணை கட்டுவதோ வரி போக மிஞ்சியதிலிருந்து. 2025-26 கல்வியாண்டில் முதுகலைக்கான ஃபெடரல் கடன் வட்டி 7.94%. பத்து வருடத் தவணை என்றால் ஆயிரம் டாலருக்கு மாதம் 12.10 வரும். உங்கள் இரண்டு கடனுக்கும் வித்தியாசம் 54,000. அதற்கு மாதம் 653, வருடம் 7,840. கூடுதல் சம்பளம் முழுசாகப் போய், கைக்காசும் போடவேண்டும். படிக்கும்போதே ஓடும் வட்டியை இதில் சேர்க்கவில்லை (20,500 டாலர் கடனுக்கு வருடம் 1,628). வேலையை விட்டுப் படிப்பதால் போகும் இரண்டு வருடச் சம்பளமும் தனி.

அதைவிட, 74,000 கடன் யார் தரப்போகிறார்கள்? 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் (படிப்புச் செலவு முழுவதற்கும் கிடைத்துவந்த ஃபெடரல் கடன்) கிடையாது. முதுகலைக்கு ஃபெடரல் கடன் வருடம் 20,500தான். சட்டம், மருத்துவம் மாதிரியான படிப்புகளுக்கு 50,000 வரை உண்டு, பொது நிர்வாகம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக இரண்டு வருடத்துக்கு 41,000. மீதி 33,000க்குத் தனியார் வங்கி, பெரும்பாலும் கூடக் கையெழுத்துப் போட ஒரு ஆள்.

பைல்கட்டு:
கணக்கு சரி. ஆனால் அந்த 71,000 யாருடைய சம்பளம்? ஸ்கோர்கார்டு ஃபெடரல் உதவி பெற்றவர்களை மட்டும்தான் எண்ணும். கைக்காசில் படித்தவர், ஆபீஸ் பணம் கட்டிப் படித்தவர் அதில் வரமாட்டார்கள். இந்தப் படிப்புக்கு இன்னொரு கோளாறும் உண்டு: ஏற்கெனவே சர்வீஸில் இருப்பவர்கள் நிறையப் பேர் சேர்கிறார்கள். கவுன்டி ஆபீஸில் பன்னிரண்டு வருடம் இருந்தவர் மாலை வகுப்பில் பட்டம் வாங்கினால், அவர் சம்பளமும் அந்த மீடியனில் உட்காரும். அது அனுபவத்துக்குக் கிடைத்த சம்பளம்.

பட்டத்தால் எவ்வளவு *கூடுகிறது* என்பதைத்தான் பார்க்கவேண்டும். கவர்ன்மென்ட்ஜாப்ஸ் தளத்தில் நீங்கள் போக நினைக்கும் பதவிக்கு 15, 20 விளம்பரங்களை எடுத்து, குறைந்தபட்சத் தகுதி என்ற பத்தியை மட்டும் படியுங்கள். "இளநிலையும் மூன்று வருட அனுபவமும், முதுகலை இருந்தால் ஒரு வருட அனுபவத்துக்கு ஈடு" என்று இருந்தால், அங்கே உங்கள் பட்டத்தின் மதிப்பு ஒரு வருடம். "விரும்பத்தக்கது" என்று மட்டும் போட்டிருந்தால் அதுகூட நிச்சயமில்லை. சம்பள வரம்பில் கீழ் எண்ணை எடுங்கள், புது ஆளை அங்கேதான் வைப்பார்கள்.

ஃபெடரல் வேலை என்றால் இன்னும் பச்சையாகத் தெரியும். அனுபவமில்லாத முதுகலைக்காரருக்கு ஜி.எஸ்.-9 (ஃபெடரல் சம்பளப் படிகளில் 9வது). நல்ல மதிப்பெண்ணுள்ள இளநிலைக்காரர் ஜி.எஸ்.-7ல் நுழையலாம், வருடாவருடம் படியேற வழியுள்ள பதவியானால் ஒரு வருடத்தில் 9, அடுத்த வருடம் 11. நீங்கள் இரண்டு வருடம் படித்து 9ல் நுழையும்போது அவர் 11ல் இருப்பார், கடன் இல்லாமல். முதுகலைக்காரர்களுக்கென்று இருந்த பிரசிடென்ஷியல் மேனேஜ்மென்ட் ஃபெல்லோஸ் திட்டத்தையும் 2025 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள்.

நூற்றிருபது:
"அரசு வேலைதானே, பத்து வருடத்தில் கடன் தள்ளுபடி" என்று அட்மிஷன் ஆபீஸில் சொல்லியிருப்பார்கள். பி.எஸ்.எல்.எஃப். திட்டம் உண்மைதான்: அரசிலோ 501(சி)(3) வகை லாபநோக்கற்ற அமைப்பிலோ முழுநேர வேலையில் இருந்துகொண்டு 120 தவணை. ஆனால் ஃபெடரல் டைரக்ட் கடனுக்கு மட்டும். உங்கள் 33,000 தனியார் கடனுக்கு ஒரு டாலர்கூடத் தள்ளுபடி ஆகாது. அரசுக்கு வேலை செய்து தரும் தனியார் கன்சல்டிங் கம்பெனியில் சேர்ந்தாலும் கணக்கில் வராது.

மீதி 41,000க்குப் பாருங்கள் (படிக்கும்போது ஓடும் வட்டியை இங்கும் சேர்க்கவில்லை). புதுக் கடனுக்கு வருமானத்தை வைத்துக் கட்டும் ஒரே திட்டம் ஆர்.ஏ.பி. வரிக் கணக்கிலுள்ள வருமானம் 71,000 என்றால் 7%, மாதம் 414. சம்பளம் ஏறாமல் நின்றாலே 120 தவணை முடிவில் தள்ளுபடியாவது சுமார் 15,000தான். ஏறினால் அதுவும் கரையும். 20,000 கடனுக்கோ 64,000 வருமானத்தில் மாதம் 320. 81வது தவணையிலேயே கடன் தீர்ந்துவிடும், தள்ளுபடிக்கு மிச்சம் இருக்காது.

ஒரு நுணுக்கம்: ஆர்.ஏ.பி. படிக்கட்டு மாதிரி. வருமானம் 60,000 என்றால் 5%, மாதம் 250. ஒரு டாலர் கூடினால் 6%, மாதம் 300. 457(பி)யில் (அரசு ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) போடும் பணம் அந்த வருமானத்தைக் குறைக்கும்.

வரப்போரம்:
மாநிலப் பல்கலை என்று முடிவு. ஆபீஸ் வருடம் 5,250 தரும் என்கிறார்கள். மூன்று வருடத்துக்கு 15,750தானே?

கணக்குப்பிள்ளை:
5,250 என்பது ஆபீஸ் தரும் படிப்புப் பணத்துக்கான வரியில்லா வரம்பு. அது கல்வியாண்டுக்கு இல்லை, காலண்டர் வருடத்துக்கு. செப்டம்பரில் சேர்ந்து மூன்று வருடம் படித்தால் நான்கு காலண்டர் வருடங்களைத் தொடும்: 21,000. பில் தேதியை மட்டும் அதற்கேற்றபடி டிசம்பருக்கு முன்னும் ஜனவரிக்குப் பின்னும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன், எத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்ற விதியைப் படித்துவிடுங்கள்.