மாடிப்படி எக்ஸாஸ்ட் ஃபேன் படுக்கையறைக் காற்றை இழுக்கவில்லை

தங்கச்சிமடத்தில் 900 சதுர அடி கான்கிரீட் வீடு எங்களுடையது. இரவு 11 மணிக்கும் உள்கூரையில் கை வைத்தால் சுடுகிறது. வெளியே கடல் காற்று நன்றாகவே வீசுகிறது, வீட்டுக்குள்தான் வருவதில்லை. அம்மா இரவெல்லாம் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

வீடு முழுவதற்கும் ஒரே ஃபேன் என்று மாடிப்படித் தலை அறையில் 18 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டி இரண்டு மாதமாகிறது. சூடான காற்று மேலே ஏறும், அங்கே வெளியே தள்ளினால் ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வரும் என்பது கணக்கு. சூரியன் சாய்ந்த பிறகுதான் போடுகிறோம்.

முதலில் படிக்கட்டு ஜன்னலிலிருந்தே காற்றை இழுத்தது. அதை அடைத்தேன். கொசுவலையில் உப்பும் தூசியும் பிசின் மாதிரி அப்பியிருந்தது, கழற்றிக் கழுவினேன். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று. இப்போது கூடத்து ஜன்னலுக்கு வெளியே செய்தித்தாளைப் பிடித்தால் வலையோடு ஒட்டிக்கொள்கிறது. படுக்கையறை ஜன்னலில், கதவைத் திறந்து வைத்தும், தாள் அசையவே இல்லை. அந்த ஜன்னல் இரண்டடிக்கு மூன்றடி, பாதிதான் திறக்கும்.

இதே ஃபேனுக்குப் படுக்கையறை ஜன்னலைப் பெரிதாக்கினால் போதுமா, 24 அங்குல ஃபேன்தான் மாற்ற வேண்டுமா?