மீள்குற்றமா, தலைச்செலவா?

செ.: குழுவினருக்கு வணக்கம். தண்டனைத் திட்டங்கள் உண்மையில் குற்றத்தைக் குறைக்கின்றனவா என்று ஆராயும் அறிக்கையொன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கெடு. பக்கத்துக்குப் பக்கம் 'ரெசிடிவிசம்' வருகிறது; தண்டனை பெற்றவர் திரும்பவும் குற்றம் செய்வது. 'மீள்குற்றம்' போதுமா?

மா.: போதாது. நோயிலிருந்து மீண்டார், கடனிலிருந்து மீண்டார் என்கிறோம். 'மீள்குற்றவாளி' திருந்தியவராகிவிடுவார்! வள்ளுவரிடமே சொல் இருக்கிறது: 'தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து.' குற்றம் பின்னும் நிகழாதபடி என்றுதான் பரிமேலழகரும் உரை கொள்கிறார். ஆகவே, தலைச்செலவு.

ந.: கைதி ஒருவருக்கு அரசு செய்யும் செலவு என்றல்லவா படிப்பார்கள்?

மா.: செலவு என்றால் பயணம், ஐயா. 'செலவிடை அழுங்கல் செல்லாமை அன்றே, வன்புறை குறித்த தவிர்ச்சி ஆகும்' என்று தொல்காப்பியர் கற்பியலில் சொல்லவில்லையா? தலைவன் போகாமலே இருந்துவிடுவதில்லை. தலைவியைத் தேற்றத்தான் கொஞ்சம் நிற்கிறான்.

ந.: தலைவன் போகட்டும். அறிக்கை வெள்ளிக்கிழமை போயாக வேண்டும்.

வி.: குற்றவியல் வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஆய்வுக்கு ஆய்வு எண்ணுவது வேறு. ஒன்றில் மறுபடி கைதானவர்கள், இன்னொன்றில் மறுபடி தண்டனை பெற்றவர்கள், வேறொன்றில் மறுபடி சிறை சென்றவர்கள். ரோந்து கூடினால், குற்றம் கூடாமலே கைது கூடும். பிடிபடாதவர் எந்தக் கணக்கிலும் இல்லை. நியூ ஜெர்சியின் ராவே சிறைக்குச் சிறுவர்களை அழைத்துப்போய் ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டிய திட்டம் 1970களில் பெரும் புகழ் பெற்றது. அந்த வகைத் திட்டங்களைப் பின்னர், போனவர்கள், போகாதவர்கள் என்று பிரித்து ஒப்பிட்டபோது, மொத்தத்தில் போனவர்களே அதிகமாகக் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். ஒப்பிட ஆளில்லாதவரை அது வெற்றி! எனவே பொதுச்சொல் எதுவானாலும் சரி, மறுகைது, மறுதண்டனை, மறுசிறை மூன்றையும் கலக்காதீர்கள்.

மா.: 'மறு' என்றால் களங்கம். மறுத்தல் என்றும் ஆகும்.

ந.: மறுநாள், மறுபிறவி, மறுவாழ்வு? எனக்கு மீள்குற்றமே போதும்.

வி.: எனக்கும்.

செ.: சரி, மீள்குற்றம் என்றே போடுகிறேன். அளவைச் சொற்கள் மூன்றையும் தனித்தனியே எடுத்துக்கொண்டேன். அனைவருக்கும் நன்றி.

மா.: என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம், 'ஒறுப்பு' இருக்கும்போது தண்டனை எதற்கு?